சிறுவள்ளம் வலித்தல்: தொடக்கமும் தேர்ச்சியும்

விழா மலரொன்றிலே தமிழாசிரியன் கட்டுரை எழுதப் புகுந்தால், அஃது இலக்கணத்தைப் பற்றியதாகவோ இலக்கிய நயத்தைப் பற்றியதாகவோ இருக்கும் என்று வாசகர் எதிர்பார்த்தல் இயல்பே. முன்னைய மலரொன்றில் வேற்றுமை மயக்கத்தைப் பற்றி நாம் எழுதியதுண்டு. அக்கட்டுரையை முற்றும் படித்ததாக எம்மிடம் கூறியவர் இருவர்; அவருள் ஒருவர் அச்சுப்பிழை திருத்தியவர். இம்முறை வள்ளம் வலித்தலைப் பற்றி எழுதப்போகின்றோம் என்றதும் மலர்க் குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். நாற்பது வயது கடந்தபின் வெண்கட்டியை வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்த ஒருவனுக்கு இதனைப் பற்றி எழுதத் தகுதி உண்டோ என்ற ஐயம் அவர்க்கு எழுந்திருத்தல் கூடும். இளமையிலேயே தேர்ந்தவர் தாம் கற்ற வரிசையை மறந்துவிடுகின்றனர். பிந்திக் கற்றவனுக்கோ ஒவ்வொரு படியும், அப்படியிலே தான் விழுந்த விழுகையும் நினைவில் நிற்கும். அந்த ஒரு தகுதியைக் கொண்டே எழுதத் துணிந்தோம்.

வள்ளம், தோணி, ஓடம், அம்பி, பஃறி, திமில், புணை, தெப்பம், நாவாய் என நீரிற் செல்வனவற்றுக்கு நம் மொழியிற் பெயர் பல. கட்டுமரம் என்னும் நம் சொல் ஆங்கிலத்துட் புகுந்து, அங்கே இரட்டை உடல் கொண்ட கலத்துக்குப் பெயராய்ப் பொருள் திரிந்து வழங்குகின்றது. அவ்வாறே கயாக், கனூ என்னும் இரண்டும் ஆங்கிலத்துக்கு வெளியேயிருந்து வந்தவை. கயாக் என்பது கிறீன்லாந்து முதலிய வடபனி நாடுகளில் வாழும் இனுயிற் மக்களின் சொல். கனூ என்பது கொலம்பசின் காலத்திலே கரீபியத் தீவு மக்களிடம் எசுப்பானியர் கேட்டறிந்த சொல். இரண்டையும் ஒன்றெனக் கொள்வார் உளர், அது பிழை. கயாக்கிலே காலை முன்னே நீட்டி இருந்து, இரு முனையிலும் அலகுடைய துடுப்பால் இடமும் வலமும் மாறி மாறி வலிப்பர். கனூவிலே முழந்தாளிட்டோ குறுக்குப் பலகையில் இருந்தோ, ஒரு முனையில் மட்டும் அலகுடைய துடுப்பால் வலிப்பர். முன்னதன் மேற்புறம் மூடியிருக்கும்; பின்னது பெரும்பாலும் நம் தோணியைப்போலத் திறந்திருக்கும்.

இக்கல்வியை நாம் தொடங்கியதற்குக் காரணம் ஓர் அச்சம். அதனைச் சொல்லாமல் மேற்செல்லுதல் முறையன்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து விடுமுறை நாளொன்றிலே, உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் கீழ்க்கரையிலுள்ள கடற்கரையொன்றுக்குச் சென்றிருந்தோம். அங்கே பிளாஸ்ரிக் கயாக்குகளை மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுத்தனர். இருவர் இருந்து வலிப்பதொன்றை எடுத்து, நாமும் மாணவன் ஒருவனும் ஏறினோம். உயிர்காப்பு அங்கி இரண்டு தந்தனர். அவனுடையதிற் கொளுவி உடைந்திருந்தது. அதனைப் பொருட்படுத்தியவர் எவருமிலர், நாமும் பொருட்படுத்தினோமில்லை. கரையோரத்திலே கடல் குளம்போலக் கிடந்தது. முதுகிலே காற்று மெல்லத் தள்ள, வள்ளம் தானே ஓடியது. எமது கைவன்மையே எம்மைக் கொண்டுசெல்கின்றது என்று எண்ணி மகிழ்ந்தோம். கரையில் நின்ற மாணவர் கைதட்டிய ஓசை கேளாத தூரம் சென்றபின்னரே திரும்ப முயன்றோம்.

திரும்பிய கணமே காற்று முகத்தில் அறைந்தது. நாம் இடப்புறம் வலிக்க அவன் வலப்புறம் வலித்தான். துடுப்புகள் ஒன்றோடொன்று மோதின. வள்ளம் கரையை நோக்காது பக்கவாட்டிற் கிடந்து உருண்டது. அடுத்த அலையிலே இருவரும் நீரில் இருந்தோம். அவன் நீந்தத் தெரிந்தவன். ஆதலால் வள்ளத்தை விட்டுக் கரையை நோக்கி நீந்தத் தொடங்கினான். "வள்ளத்தை விடாதே" என்று கூவவேண்டும் என்பதுகூட அப்போது எமக்குத் தெரியாது. சிறிது தூரம் சென்றவனுக்கு அங்கி தோளினின்று கழன்று முகத்தை மூட, அவன் திணறியதைக் கண்டோம். வலை வளைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மீன்பிடி வள்ளமொன்று அவ்வேளை அவ்வழி வந்திராவிடின் இக்கட்டுரைக்கு இடமே இராது. அவ்வள்ளத்திலிருந்த முதியவர் எம்மை இழுத்து ஏற்றிய பின் சொன்னது இவ்வளவே: "மாஸ்டர், கச்சானில கரையோரத் தண்ணி கண்ணாடி மாதிரித்தான் கிடக்கும். வெளியில போனாத்தான் தெரியும்."

மறுநாள் மாலை அம்மாணவனின் தாயார் எம் வீட்டுக்கு வந்தார். படலையடியில் நின்று எம்மைச் சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் கூறாமற் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு, கனடாவில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்தார். எட்டாம் வகுப்பிலே புணர்ச்சி விதிகளை ஒப்புவிக்க மாட்டாது எம்மிடம் பலமுறை நின்றவர். அந்நாட்டின் ஏரிகளிலும் ஆறுகளிலும் பல்லாண்டு பயின்று, இப்போது பிறர்க்குக் கற்பிப்பவர். நடந்ததை அவர்க்குக் கூறினோம். கேட்டுவிட்டு, "சேர், நீங்கள் வலிக்கப் பழகினீர்கள், கவிழப் பழகவில்லை" என்றார். வாவியின் ஆழங்குறைந்த ஓரத்திலே, இடுப்பளவு நீரில், எமது முதற்பாடம் தொடங்கியது. அன்று முழுவதும் அவர் எம்மைத் துடுப்பைத் தொட விட்டாரில்லை.

மூடிய கயாக்கில் இருப்பவனது இடுப்பைச் சுற்றி, நீர் உட்புகாதவாறு ஒரு நீர்காப்புத் துணி வள்ளத்தின் வாயோடு பொருத்தப்பட்டிருக்கும். கவிழ்ந்தவன் தலைகீழாய்த் தொங்குவான். அந்நிலையில் மனம் சொல்வது, தலையை உடனே நீருக்கு மேல் தூக்கு என்பது. அதனைக் கேட்டவன் வள்ளத்தோடு மல்லாடி மூச்சை இழப்பான். செய்யற்பாலது வேறு. உடலை முன்னே குனிந்து முகத்தைக் காத்தல். வள்ளத்தின் அடியைக் கையால் மும்முறை தட்டல். துணியின் முன்னுள்ள பட்டியைப் பற்றி முன்னே தள்ளி மேலே இழுத்தல். இரு கையையும் இடுப்பருகே ஊன்றி, காற்சட்டையைக் கழற்றுவதுபோல வள்ளத்தைக் கழற்றி வெளிவரல். மும்முறை தட்டுதல் எதற்கு என்று கேட்டோம். உதவி வேண்டுவோரை அறிதற்கு அஃது அடையாளம் என்றார். அதனினும் பெரிய பயன், பதறுகின்ற மனத்துக்கு மூன்று கணம் செய்யவொரு வேலை கிடைப்பது. நீருள்ளே எண்ண முடிந்தவனுக்கு அச்சம் பாதி தீர்ந்தது என்பதை நாம் ஏழாவது கவிழ்ப்பில் உணர்ந்தோம். முதல் ஆறிலும் உப்புநீரையே உணர்ந்தோம்.

வெளிவந்தபின் வள்ளத்தை ஒரு கையாலும் துடுப்பை மறு கையாலும் பற்றிக்கொள்ளல் வேண்டும். எத்துணை நன்றாக நீந்துபவனாயினும் வள்ளத்தை விட்டு நீந்துதல் ஆகாது. மனிதத் தலை ஒன்று கடலில் தென்னங்குரும்பை அளவே தோன்றும். கவிழ்ந்த வள்ளமோ தொலைவிலிருந்தும் தெரியும், தானும் மிதந்து நம்மையும் மிதக்கவைக்கும். எம் மாணவனை இறக்கும் நிலைக்குக் கொண்டுசென்றது அவனது நீச்சற் பயிற்சியே என்பதை எண்ணும்போது இன்றும் உள்ளம் நடுங்குகின்றது. ஆற்றில் இவ்விதிக்கு விலக்கு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இரண்டாம் நாள் துடுப்பு கைக்கு வந்தது. வள்ளத்தில் இருத்தல் நாற்காலியில் இருத்தல் போன்றதன்று. பாதம் இரண்டும் படியிலும், முழங்கால் இரண்டும் மேற்றட்டின் அடியிலும், இடுப்பு இருபுறமும், முதுகு பின்பட்டியிலும் பொருந்தி நிற்கவேண்டும். கிறீன்லாந்து வேட்டைக்காரன் தன் உடலளவையே அளவுகோலாகக் கொண்டு, மரச்சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்துத் தன் கயாக்கை அமைத்தான். தையற்காரனிடம் அளவு கொடுத்துச் சட்டை தைப்பித்தல் போன்றது அது. ஒருவன் கயாக்கு மற்றவனுக்குச் செம்மையாய்ப் பொருந்தாது.

புதியவன் கையால் வலிக்கின்றான். அரை மணியிற் களைக்கின்றான். பயின்றவன் இடுப்பைத் திருப்பி வலிக்கின்றான். அலகு கால்விரல்களுக்கு நேரே நீருட் புகுந்து இடுப்புக்கு நேரே வெளிவரல் வேண்டும். வலப்புறம் வலிக்கும்போது வலப்பாதம் படியை உதைக்கும். கை பிடியை இறுக்கிப் பற்றுதல் வேண்டா. இடுப்புக்குப் பின்னும் அலகை இழுத்துச் செல்பவன் வள்ளத்தை முன்செலுத்தாமற் பக்கத்துக்குத் திருப்புகின்றான். இதனைச் சொல்ல மூன்று வரி போதும். செய்ய எமக்கு மூன்று கிழமை சென்றது.

கனூவின் இடர் வேறு. வலப்புறமே வலித்தால் அஃது இடப்புறம் திரும்பும். ஆகவே வலிப்பின் முடிவிலே, மேற்கையின் பெருவிரல் கீழ்நோக்கத் துடுப்பைத் திருப்பி, அலகால் நீரைப் புறத்தே மெல்லத் தள்ளுவர். ஆங்கிலத்து 'ஜே' எழுத்தின் வடிவில் அலகு செல்வதால் அதனை ஜே வலிப்பு என்பர். கனூவிலே துடுப்பைப் பக்கம் மாற்றாது நேரே செல்லக் கற்றவனைத் தொடக்க நிலை கடந்தவன் எனலாம். கயாக்கிலே பெருவளைவாய் வலித்துத் திருப்பல், பின்னே அலகை ஊன்றிச் சுக்கான்போல் நடத்தல், பக்கவாட்டில் இழுத்து நகர்தல் என்பனவும் இப்படியிலேயே அடங்கும். இவற்றை விரித்தல் மலரின் இடத்தை வீணாக்கும். நீரில் இறங்கின் ஒரு நாளிற் புலப்படும்.

இடைநிலை என்பது வள்ளத்தைச் சாய்க்கத் துணிதலில் தொடங்குகின்றது. தொடக்கத்தில் வள்ளம் சிறிது சாய்ந்தாலும் உடல் விறைக்கும். விறைத்த உடல் கவிழும். இடுப்புக்குக் கீழே வள்ளத்தோடு சேர்ந்து ஆடவும், இடுப்புக்கு மேலே நிமிர்ந்து நிற்கவும் உடல் பழகவேண்டும். அமைந்த நீரில் நீண்ட கடற் கயாக்கை வளைவின் வெளிப்புறத்துக்குச் சாய்த்தால் அஃது எளிதில் திரும்பும். கவிழப்போகும் தருணத்தில் அலகின் தட்டையான பக்கத்தால் நீரை அறைந்து தாங்கி, அத்தாங்கலிலே இடுப்பை வெட்டி வள்ளத்தை நிமிர்த்தலும் இப்படியிற் கற்கப்படும்.

இதனோடு சேர்த்துக் கற்கவேண்டியது மீட்பு. கவிழ்ந்த வள்ளத்தின் முன்முனையைத் தன் வள்ளத்தின் குறுக்கே இழுத்தேற்றி நீரை வடித்து, நிமிர்த்தி, அருகணைத்து இறுகப் பற்றிக்கொள்ள, நீரில் இருப்பவன் அதன்மேல் ஊர்ந்து ஏறுவான். பயின்ற இருவர்க்கு இது சில நிமிட வேலை. எமக்கும் அம்மாணவனுக்கும் அன்று தெரிந்திருக்கவேண்டியது இவ்வளவே. இதனைக் கல்லாது தொலைவு செல்பவன், விடை எழுதத் தெரியாது பரீட்சை மண்டபத்துட் புகுபவனைப் போன்றவன் என்று எழுதப் பார்த்தோம். ஆயினும் பரீட்சையில் மறுமுறை தோற்றலாம்.

உயர்நிலையின் வாயிற்படி என்று பலரும் கொள்வது, வள்ளத்தை விட்டு வெளிவராமல் துடுப்பாலும் இடுப்பாலும் சுழன்று எழுதலை. இது கிறீன்லாந்தார் கலை. அந்நீரின் குளிரில் வள்ளத்தை இழந்தவனுக்கு உயிரில்லை; ஆதலால் கவிழ்ந்தவன் வள்ளத்தோடே எழவேண்டியவனாயினான். இரு கம்பங்களிடையே கட்டிய கயிற்றிலே சுழன்றும் தொங்கியும் உடலைப் பழக்குதல் அவர் மரபு. துடுப்பால் எழுதல், எறிகோலால் எழுதல், வெறுங்கையால் எழுதல் என முப்பதுக்கு மேற்பட்ட வகைகளை இன்றும் அந்நாட்டில் போட்டியாக நடத்துகின்றனர். ஐரோப்பியருள் முதன்முதல் இதனைத் தாமே பயின்று செய்தவர் ஒஸ்திரியா நாட்டவரான பவ்லாற்றா; ஆண்டு 1927.

இதன் நுட்பம் தலையில் உள்ளது. தலை கடைசியில் எழவேண்டும். எழும் பக்கத்து முழங்காலால் வள்ளத்தை மேலே இழுத்துச் சுழற்றி, வள்ளம் நிமிர்ந்தபின் உடலும், உடலுக்குப் பின் தலையும் வரவேண்டும். மூச்சுக்குத் தவிப்பவன் தலையை முதலில் தூக்குகின்றான்; அக்கணமே இடுப்பு எதிர்ப்புறம் முறுகி வள்ளம் மீண்டும் கவிழ்கின்றது. முதல் நாளிலே நீருள் எண்ணப் பழகியவனுக்கு இது கைகூடும். அப்பாடத்தைத் தாண்டி வந்தவனுக்கு எத்துணை வலிமை இருப்பினும் கைகூடாது. எமக்கு இரண்டு விடுமுறைக் காலம் பிடித்தது. வலப்புறம் எழுவோம். இடப்புறம் பத்துக்கு ஆறு முறை எழுவோம். மற்றை நான்குக்கும் எம் ஆசான் அருகில் நிற்கவேண்டும்.

இக்கலையில் தேர்ந்தவர் ஒருவரின் முடிவு ஈண்டு நினைக்கத்தக்கது. ஜினோ வாட்கின்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர் 1930 - 31இலே கிறீன்லாந்தின் கிழக்குக் கரைக்கு ஓர் ஆய்வுக் குழுவைத் தலைமை தாங்கிச் சென்றார். அங்குள்ள மக்களிடமே கயாக் பயின்று, அவரைப்போலவே சுழன்றெழவும் வேட்டையாடவும் கற்றார். 1932இல் மீண்டும் அங்கே சென்றவர், அவ்வாண்டு ஓகஸ்ட் 20ஆம் நாள் கடல்நாய் வேட்டைக்குத் தனியே புறப்பட்டார். பின்னர் அவரது கயாக் வெறுமையாய் மிதக்கக் காணப்பட்டது. அவர் உடல் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 25. சுழன்றெழுதல் அறியாமையால் அவர் இறந்தார் என்று எவரும் கூறார். அவர் அருகில் இன்னொரு கயாக் இருக்கவில்லை. தனிமையின் இடரைக் கிறீன்லாந்தாரும் அறிந்திருந்தனர். காற்றசையாத நாளிலே கண்ணாடிபோன்ற கடலில் தனித்திருக்கும் வேட்டைக்காரனை, முதிர்ந்தவனாயினும், திடீரென மயக்கமும் பேரச்சமும் பற்றி அசையவொட்டாது செய்தல் அங்கே நன்கறிந்த நோய். தோழன் ஒருவன் அருகே வந்து வள்ளத்தைத் தொட்டவளவில் அது தீரும்.

உயர்நிலை என்பது பின்னர் இரு வழியாகப் பிரிகின்றது: ஒன்று ஆறு, மற்றது கடல். ஓடும் ஆற்றின் அருமையை ஒன்று முதல் ஆறு வரை தரப்படுத்தியுள்ளனர். முதலாம் தரம் மெல்லோட்டம். ஆறாம் தரம் உயிரைப் பணயம் வைப்பது. நம் நாட்டிலே களனி கங்கையின் கித்துல்கலைப் பகுதியில் இரண்டாம் மூன்றாம் தர ஓட்டங்கள் உள. 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்துக்காகப் பாலம் கட்டிய இடம் அது. ஆற்றிலே பாறையின் பின்புறத்தில் நீர் எதிர்முகமாய்ச் சுழன்று ஓரளவு அமைதியுற்று நிற்கும். அவ்வமைதி நீர்களே ஆறு செல்வோனின் திண்ணைகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவி, இறங்குமுன் கீழுள்ளதைப் பார்த்துச் செல்லவேண்டும். அமைதி நீரிலிருந்து ஓட்டத்துட் புகும்போது, நீர் வந்து மோதும் பக்கத்து விளிம்பை உயர்த்தவேண்டும்; தாழ்த்தியவனை ஆறு அரைக் கணத்திற் கவிழ்க்கும். ஆற்றின் மெய்யான பகை பாறையன்று. வீழ்ந்து கிடக்கும் மரம். கிளைகளின் ஊடே நீர் புகுந்து போகும், மனிதன் போகான். நீரின் முழு வலிமையும் அவனை அதிற் பொருத்தி அழுத்தும். மேலே குறித்த விலக்கு இங்கேதான்: வள்ளத்தைப் பிடித்திருப்பது அத்தகைய மரத்தை நோக்கி நம்மை இழுக்குமாயின் அதனை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தவேண்டும்.

கடலிற் செல்வோன் முதலிற் கற்கவேண்டியது காற்று. பயின்றவன் கடற் கயாக்கை நெடுநேரம் செலுத்தும் வேகம் மணிக்கு ஐந்தாறு கிலோமீற்றரே. காற்று மணிக்கு இருபது கிலோமீற்றரை எட்டும்போது கடலெங்கும் வெண்ணுரை தலைகாட்டும். புதியவனுக்கு அதுவே கரையேறும் அடையாளம். ஆனால் கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றில் இவ்வடையாளமும் பொய்க்கும். கரைமரங்களின் மறைவில் நீர் அமைந்து தோன்றும். வெளியே செல்லச் செல்ல அலை எழும். திரும்பும்போதே காற்றின் வலிமை தெரியும். வைகாசி முதல் ஆவணி வரை கீழ்க்கரையில் வீசும் கச்சான் அத்தகையது. நாம் பாடநூலிற் கச்சான், கொண்டல், வாடை, சோளகம் என்று திசைக்காற்றின் பெயர்களை எத்தனை ஆண்டு கற்பித்திருப்போம்! மேல்காற்று என்று பொருள் எழுதாத மாணவனுக்கு ஒரு புள்ளியைக் குறைத்தோம். அக்காற்று எத்திசைக்குத் தள்ளும் என்பதை நாமே எண்ணிப் பார்த்ததில்லை.

வாவியும் எப்போதும் தீங்கற்றதன்று. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீண்டது. பங்குனி, சித்திரைக் காலைகளில் கற்பதற்கு அதனினும் நல்ல இடம் அரிது. மாரியிலே முகத்துவாரம் வெட்டுண்டு நீர் கடலுட் பாயும் நாட்களில் அதன் பக்கமும் செல்லலாகாது. கண்டற் காடுகளின் ஓரத்தில் முதலை உண்டு. இவற்றை எந்த நூலினும் நன்றாகத் தோணிக்காரர் சொல்வர். அவரைக் கேளாது இறங்குதல் ஆகாது.

இவ்வள்ளங்கள் வேட்டைக்கும் சுமைக்கும் உரியனவாய் இருந்த நிலை மாறி விளையாட்டாய்ப் பரவியது, ஸ்கொத்லாந்தினரான ஜோன் மக்கிரகர் 1865இலே 'றொப் றோய்' என்னும் தம் சிறுவள்ளத்தில் ஐரோப்பிய ஆறுகளை வலம்வந்து நூல் எழுதிய பின்னராகும். 1936 முதல் ஒலிம்பிக்கில் இதற்குப் பதக்கம் உண்டு. ஜேர்மனிய வீராங்கனை பிர்கித் பிஷர் 18 வயதில் 1980இலும், 42 வயதில் 2004இலும் பொற்பதக்கம் பெற்றார். இடையிற் பெற்றவற்றோடு பொன் எட்டு. எம் வயதினர் சோர்வுறும்போது நினைக்க அவர் பெயர் உதவும். எமது தீவுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. ஒஸ்கார் ஸ்பெக் என்னும் ஜேர்மனியர் 1932இலே ஊல்ம் நகரில் தன்யூப் ஆற்றில் மடக்கு கயாக்கொன்றை இறக்கி, சைப்பிரசு வரை செல்லவே எண்ணிப் புறப்பட்டார். யூப்பிரத்தீசு ஆறு, பாரசீக வளைகுடா, இந்தியக் கரை, இலங்கை, பர்மா, மலாயா, கிழக்கிந்தியத் தீவுகள் எனச் சென்று 1939இல் அவுஸ்திரேலிய எல்லையை அடைந்தார். அப்போது போர் மூண்டிருந்தமையால் பகைநாட்டான் எனச் சிறைவைக்கப்பட்டார். ஆற்றிலே தொடங்கி, கரையோரமாய்க் கடலைப் பழகி, ஏழாண்டில் அவர் அங்கே சென்றடைந்தார்.

வெளிநாடுகளில் வாழும் எம் பழைய மாணவர்க்குத் தனியே சில சொற்கள். கனடாவிலும் நோர்வேயிலும் இங்கிலாந்திலும் இளவேனிலின் வெயிலைக் கண்டு பிள்ளைகளோடு ஏரிக்குச் செல்வீர்கள். காற்று இளஞ்சூடாய் இருக்கும். நீரோ சில இடங்களிற் சில கிழமைக்கு முன் பனிக்கட்டியாய் இருந்தது. ஆடையை நீரின் குளிருக்கு ஏற்பவே அணிதல் வேண்டும். கனடாவின் மனிற்றோபாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் குளிர்நீரைப் பற்றி ஆராய்ந்து, ஒன்று, பத்து, ஒன்று என மனத்தில் இருத்தற்கெளிய வாய்பாடொன்றைத் தந்துள்ளார். வீழ்ந்தவுடன் மூச்சு வாரியடிக்கும். அதனை அடக்க ஒரு நிமிடம் உண்டு. அதன்பின் கை கால் பயன்படுவது ஏறத்தாழப் பத்து நிமிடம். குளிரால் அறிவு மயங்க ஒரு மணி நேரம் செல்லும். ஆகவே வீழ்ந்தவர் உடனே நீந்த முற்படாது முதல் நிமிடத்தை மூச்சுக்கே கொடுத்தல் வேண்டும். உயிர்காப்பு அங்கி இல்லாதவனுக்கு இரண்டாம் எண்ணும் மூன்றாம் எண்ணும் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. அங்கியை வள்ளத்தில் வைத்திருத்தல் போதாது. அணிந்து, கொளுவியை மாட்டி, தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

பிரித்தானியாவிலே இப்பயிற்சிக்கு நெடுங்காலம் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரப் படிகள் வழங்கினர். அம்முறை அண்மையில் மாற்றப்பட்டுவிட்டது. ஆசிரியன் என்ற முறையில் எம் கருத்தைக் கவர்ந்தது அதன் பிற்காலத்து அமைப்பு. முதல் மூன்று படிகளிலும் தன் வள்ளத்தைத் தான் ஆளும் திறனைச் சோதித்தனர். நான்காம் ஐந்தாம் படிகளில் சோதித்தது பிறரை அழைத்துச் சென்று மீட்டுக்கொண்டுவரும் திறனை. எங்கே புறப்படுவது, எவரை எங்கே நிறுத்துவது, எப்போது திரும்புவது, எந்நாளில் வள்ளத்தை இறக்காமலே வீடு திரும்புவது என்பனவே அங்கே வினாக்கள். முன்னர்க் கூறிய கடற்கரையிலே, கொளுவி உடைந்த அங்கியோடு, இத்தேர்வின் எல்லா வினாக்களுக்கும் நாம் ஒரு பிற்பகலில் பிழையான விடை எழுதியிருந்தோம்.

எம் ஆசான் கனடா திரும்பும்போது பழைய கயாக் இரண்டை எம்மிடம் விட்டுச் சென்றார். பங்குனி, சித்திரைச் சனிக்கிழமைகளில், காலை ஆறரை மணி தொடக்கம் காற்று எழும்வரை, விரும்பிய மாணவர் அறுவர் எழுவர் வாவிக்கு வருகின்றனர். பெற்றோரின் எழுத்துமூல இசைவு பெற்றே வரவேண்டும். முதலிரு வாரமும் துடுப்பு இல்லை. மாணவர் முறையிடுகின்றனர், ஒருவன் தன் தந்தையிடம் "கவிழ்க்கத்தான் படிப்பிக்கினம்" என்று முறையிட, அவர் எம்மைத் தேடி வந்து, தாமும் ஒருமுறை கவிழ்ந்து பார்த்துவிட்டுச் சென்றார். கல்லூரியிலிருந்து எவ்வகுப்பேனும் வள்ளத்தில் ஏறும் சுற்றுலாச் செல்வதாயின், அதற்குமுன் இவ்விரு வாரப் பாடத்தைக் கட்டாயமாக்குதல் வேண்டும் என்று அதிபர் அவர்களிடம் விண்ணப்பித்துள்ளோம். பழைய மாணவர் சங்கத்தாரிடம் நாம் வேண்டுவதும் ஒன்றுண்டு: வள்ளம் வேண்டா, சரியான அளவில் உயிர்காப்பு அங்கி பன்னிரண்டு வேண்டும்.

அன்று எம்மோடு கடலில் வீழ்ந்த மாணவன் உயர்தரம் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகுந்துவிட்டான். நீண்ட காலம் அவன் நீரருகே வந்ததில்லை. சென்ற சித்திரை விடுமுறையிலே ஒரு சனிக்கிழமை காலை, கரையில் நின்ற மருதமரத்தின் கீழே சைக்கிளைச் சாத்திவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நாம் அழைத்தோமில்லை. எட்டு மணியளவில் தானே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நீரில் இறங்கி வந்து, "சேர், கொளுவி சரியோ என்று பாருங்கோ" என்றான். பார்த்து, தோளைப் பிடித்துத் தூக்கிச் சரி என்றோம். வள்ளத்தில் ஏறினான், துணியைப் பொருத்தினான், எம்மைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கவிழ்ந்தான். கவிழ்ந்த வள்ளத்தின் அடியிலே அவன் கை எழுந்து தட்டியது. எண்ணினோம், மூன்று.